ஊட்டிக் குளிர்ல இட்லி மாவு பொங்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில இருந்து மாற்றலாகி ஊட்டிக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. அங்கே மே மாசத்துல சாயங்காலம் ஆட்டி வச்சா, படுக்கப் போறதுக்குள்ள மாவு பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சு கிடக்கும். இங்கே 18 மணி நேரம் கழிச்சும் ஊத்தி வச்ச மாதிரியே உக்காந்திருக்கு!

இட்லி அரிசி 4 டம்ளர், உளுந்து 1, ஒரு ஸ்பூன் வெந்தயம். அதே கிரைண்டர், அதே கை. உளுந்து மாவை ஒரு சொட்டு தண்ணியில விட்டா மிதக்குது, அதனால ஆட்டுறதுல கோளாறு இல்லை. மாவு நல்லாப் புளிக்க 30 டிகிரி வாக்குல சூடு வேணும். இங்கே ராத்திரி 10க்கும் கீழே இறங்குது.

கம்பளி சுத்திப் பார்த்தேன். மாவே ஜில்லுன்னு இருக்கும்போது கம்பளி என்ன பண்ணும்? வெந்நீர் அண்டாவுக்குள்ள பாத்திரத்தை இறக்கினேன். நடுராத்திரிக்குள்ள தண்ணி ஆறிப்போச்சு. மறுநாள் சூட்டைக் கூட்டினேன், அடிமாவு வெந்து கட்டியாயிடுச்சு.

பக்கத்து வீட்டு அக்கா, உப்பு புளிப்பை மட்டுப்படுத்தும், பொங்கின பிறகு போடுன்னு சொல்றாங்க. எங்கம்மாவோ கல்லுப்பு போட்டுக் கையால கரைச்சாதான் பொங்கும்னு ஒரே பிடிவாதம். குளிர் ஊர்ல யார் பேச்சைக் கேக்கறது?

ஹாட் பாக்ஸ்ல, அரிசி டின்னுக்குள்ள வச்சுப் பார்த்தவங்க இருக்கீங்களா? குன்னூர், கொடைக்கானல்காரங்க முக்கியமா சொல்லுங்க. சோடா உப்பு மட்டும் வேண்டாம், மாமியார் ஒரு வாய்லயே கண்டுபிடிச்சிருவாங்க. ஞாயித்துக்கிழமை எட்டுப் பேரோட வர்றாங்க.