ஒசாகாவுக்கு முதல் தடவை, கம்பெனி வேலையாக: ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

கப்பலூர்க்காரன்:
கப்பலூர் சிட்கோவில் வேலை. நவம்பர் கடைசியில் மெஷின் பயிற்சிக்கு ஒசாகா அனுப்புகிறார்கள். இரண்டு வாரம், நம்பா பக்கம் ஹோட்டல். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. வீட்டில் குக்கர், அரிசி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கறிவேப்பிலை என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எதை எடுக்கலாம், எதை விடலாம்? ஏர்போர்ட்டிலிருந்து நம்பா போக எது சுலபம்?

தெப்பக்குளம்:
தம்பி, குக்கர் வேண்டாம். அங்கே கரன்ட் 100 வோல்ட், நம் குக்கர் 230 வோல்ட்டுக்குச் செய்தது. வோல்ட் குறைந்தால் சூடு அதன் வர்க்கத்தில் குறையும்: 700 வாட் குக்கர் 130 வாட் சுமாருக்குத்தான் வேலை செய்யும். அரிசி ஊறும், வேகாது. ஹோட்டல் அறையில் சமைக்கவும் பொதுவாக விடமாட்டார்கள்.

சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். அங்கே இரண்டு தட்டை முள். லேப்டாப் வயருக்கு மூன்று முள் இருக்கும், ஹோட்டல் சுவரில் பெரும்பாலும் எர்த் துளை இருக்காது. மூன்றை இரண்டாக்கும் அடாப்டராகக் கேட்டு மதுரை டவுன்ஹால் ரோட்டிலேயே வாங்கிவிடுங்கள்.

வடக்குமாசி:
கறிவேப்பிலையும் அரிசியும் ஏர்போர்ட்டில் பயிர் நோய்த் தடுப்புச் சோதனைக்குள் வரும். நம் அரசின் பயிர்ச் சுகாதாரச் சான்று இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள். வறுத்து அரைத்த பொடிகளில் தொல்லை இல்லை. புளிக்காய்ச்சலைக் கைப்பையில் வைக்காதீர்கள், 100 மில்லிக்கு மேல் போனால் செக்யூரிட்டியில் நிறுத்துவார்கள். இரட்டைக் கவர் போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.

சாதம் கவலையே இல்லை. 200 கிராம் பாக்கெட் சாதம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். அறையில் மைக்ரோவேவ் இல்லாவிட்டாலும் பல ஹோட்டல்களில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வைத்திருப்பார்கள். புக் செய்யும்போதே கேளுங்கள்.

ஏமாறுவது வெளியே சாப்பிடும்போதுதான். கிட்சுனே ஊடோன் என்ற சூப் நூடுல்ஸ் ஒசாகாவில் பேர்போனது. மேலே பொரித்த தோஃபு (சோயா பனீர்), பார்த்தால் சைவம். ஆனால் அந்தத் தெளிந்த ரசம் கடற்பாசியோடு கட்சுவோ என்ற மீன் கருவாட்டுச் சீவலையும் போட்டு எடுத்தது. மீசோ (சோயா விழுது) சூப், டெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, சோபா நூடுல்ஸ் சாறு எல்லாமே அப்படித்தான். 'மீன் வேண்டாம்' என்றால் துண்டு மீனைத்தான் எடுப்பார்கள், சாறு அப்படியே வரும். 'இறைச்சி, மீன், முட்டை, கட்சுவோ சாறு எதுவும் கூடாது' என்று ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டுங்கள்.

கப்பலூர்க்காரன்:
நன்றிண்ணே. அங்கே ஒரு குக்கர் வாங்கி வந்தால்? மாத்திரைகளுக்கு என்ன செய்வது?

தெப்பக்குளம்:
அங்கே உள்ளூருக்கு விற்கும் குக்கர் 100 வோல்ட். இங்கே நேராகச் செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சூடேறிப் புகைந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக் கட்டி மாரடிக்க வேண்டாம்.

டாக்டர் எழுதிய மாத்திரை ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், சீட்டும் கையில் இருக்கட்டும். சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்துக்கு அங்கே தடை.

பைபாஸ்ரோடு:
ரயில் விஷயம். கன்சாய் ஏர்போர்ட்டிலிருந்து நம்பாவுக்கு நான்காய் என்ற தனியார் ரயில் லைன் நேராகப் போகும். ராப்பிட் வண்டிக்கு சீட் டிக்கெட் தனியாக வாங்க வேண்டும், 40 நிமிடத்துக்குள் போய்விடலாம். சாதாரண ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் முக்கால் மணி நேரம்தான், அதற்கு கார்டு தட்டினால் போதும். வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

ரயிலில் தட்டும் இக்கோகா கார்டு 2000 யென்: 500 டெபாசிட், மீதி 1500 பயணத்துக்கு. வெளியேறும் கேட் மூடிக்கொண்டால் பயப்படாதீர்கள், பணம் குறைந்திருக்கும். பக்கத்திலேயே மெஷினில் நோட்டைப் போட்டு நிரப்பலாம்.

திரும்பும்போது ஜேஆர் (இன்னொரு ரயில் கம்பெனி) ஏர்போர்ட் ரேபிட் வண்டியில் ஏறினால் பெட்டி எண் பாருங்கள். அது ஹினெனோ ஸ்டேஷனில் இரண்டாகப் பிரியும். முதல் 4 பெட்டிதான் ஏர்போர்ட், பின் 4 வாக்கயாமாவுக்குப் போய்விடும்.