நூற்பாலைக்குள் நெட்வொர்க் சுவிட்ச் மதியம் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

கப்பலூர் பராமரிப்பு:
வணக்கம். கப்பலூரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதிச் சுவரில், இயந்திரங்களை அலுவலகக் கணினியோடு இணைக்கும் சுவிட்ச் இருக்கிறது; கேபிள் செருக 16 போர்ட் உள்ளது. அலுவலகத்தில் வைக்கும் சாதாரண வகை. சித்திரை பிறந்ததிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு மேல் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. அதுவரை உற்பத்திக் கணக்கைக் கையால் எழுதுகிறோம். தினமும் கம்ப்ரசர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்துதான் வருகிறேன்.

பழைய எலக்ட்ரீஷியன்:
தம்பி, முதலில் ஊதுவதை நிறுத்துங்கள். கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். வெளியே கிடக்கும் பஞ்சை உள்ளே தள்ளி ஒட்டவைத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

கப்பலூர் பராமரிப்பு:
பார்த்தேன் அண்ணா. விசிறி இதழே தெரியவில்லை, அடை கனத்துக்குப் பஞ்சு படிந்திருக்கிறது. தூசி புகாத பெட்டிக்குள் வைத்துவிடலாமா? உள்ளே வெந்துபோகாதா?

பழைய எலக்ட்ரீஷியன்:
இந்த சுவிட்சை வைத்தால் வெந்துதான் போகும். அலுவலக வகை பெரும்பாலும் 40, 50 டிகிரி வரைதான் தாங்கும். தொழிற்சாலைக்கென்றே விசிறி இல்லாமல் வரும் சுவிட்ச் வாங்குங்கள். 75 டிகிரி வரை தாங்குபவை கிடைக்கின்றன. அதை ஐபி65 என்ற தூசி, நீர் தடுப்புத் தரம் உள்ள இரும்புப் பெட்டியில் பொருத்துங்கள். 6 என்றால் தூசி அறவே புகாது, 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரையும் தடுக்கும். பெட்டி சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும், சூடு அதன் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கேபிள்களை அடிப்பக்கமாக, துளையை இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போட்டு நுழைத்துவிடுங்கள். ஒரு துளையைத் திறந்துவிட்டாலும் அவ்வளவு செலவும் வீண். பஞ்சு தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் முதலாளியிடம் சொல்லுங்கள். பணம் கேட்க அந்த ஒரு காரணமே போதும்.

திண்டுக்கல் நெட்வொர்க்:
ஒன்று கேட்கிறேன். இயந்திரம் கிளம்பும்போது இணைப்பு விட்டுவிட்டு வருகிறதா?

கப்பலூர் பராமரிப்பு:
ஆம், இரண்டு போர்ட்டில் மட்டும். அந்தக் கேபிள்கள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகின்றன.

திண்டுக்கல் நெட்வொர்க்:
அப்படியானால் அது வெப்பத்தால் வருவதன்று, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் மின்காந்த இரைச்சலாக இருக்கும். பெட்டி மாற்றினாலும் தீராது. அந்த இரண்டையும் தனி டிரேக்கு மாற்றுங்கள். பெட்டிக்கு நல்ல எர்த் கொடுங்கள். அலுவலகம் வரை போகும் நீண்ட பாதைக்கு, ஒளியால் தகவல் அனுப்பும் ஃபைபர் கேபிள் போட்டுவிடுங்கள். செம்புக் கேபிள் 100 மீட்டர்தான் போகும், ஃபைபரை இந்த இரைச்சல் அண்டாது.

கப்பலூர் பராமரிப்பு:
இரண்டு கேபிளையும் இன்று பிரித்துவிட்டேன். இயந்திரம் கிளம்பியபோது இணைப்பு அறவில்லை. பெட்டிக்கு விலை கேட்டிருக்கிறேன். அது வரும்வரை மதிய இடைவேளையில் மின்சாரத்தை நிறுத்தி, தூரிகையால் பஞ்சைத் தட்டி எடுக்கிறேன்.