சுகவீனக் கொடுப்பனவும் ஆறு மாத விதியும்: சிறிய உணவகம் நடத்துபவர் இப்போது செய்ய வேண்டியது என்ன?

வடகரை எழுதியது:

வணக்கம். இங்கிலாந்தில் சிறிய உணவகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். நால்வர் முழுநேரப் பணியாளர்கள். ஏனையோர் சனி, ஞாயிறு மட்டும் வருபவர்கள். 2025 டிசம்பர் 18 அன்று அரச ஒப்புதல் பெற்ற தொழிலுரிமைச் சட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இனி ஒருவரை நிறுத்த முடியாது என்கிறார் ஒருவர். 2027 வரை எதுவும் மாறாது, வீணாகக் கவலைப்படாதீர்கள் என்கிறார் மற்றொருவர்.

எனக்குத் தெரிய வேண்டியவை மூன்று. வாரம் 100 பவுண் சம்பளம் பெறும் ஒரு பெண்பிள்ளை, சனிக்கிழமை சுகமில்லை என்று அறிவித்துவிட்டு ஞாயிறு வேலைக்கு வந்தார். அந்த ஒரு நாளுக்கு நான் பணம் கொடுக்க வேண்டுமா? ஜூலை நடுப்பகுதியில் புதிய சமையலாளர் ஒருவரைச் சேர்க்க இருக்கிறேன். அவருக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் வைக்கலாமா? மூன்றாவதாக, வேறொரு கம்பனியின் பெயரில் இரண்டாவது கடை திறக்கும் எண்ணம் இருக்கிறது. பணியாளர் சம்பளத்தின் மீது நாம் அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸில் ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளும் சலுகை அதற்கும் தனியாகக் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்குச் செய்து கொடுப்பது என் தொழில். உங்கள் முதற் கேள்விக்கு விடை: ஆம், கொடுக்க வேண்டும்.

2026 ஏப்ரல் 6 வரை சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவுக்கு இரண்டு தடைகள் இருந்தன. முதல் மூன்று நாட்களுக்குப் பணம் கிடையாது. சராசரியாக வாரம் 125 பவுணுக்குக் குறைவாக உழைப்பவருக்கு எத்தனை நாள் படுத்திருந்தாலும் எதுவும் கிடையாது. இரண்டுமே இப்போது நீக்கப்பட்டுவிட்டன. வாரத்துக்கு 123.25 பவுண், அல்லது அவருடைய சராசரி வாரச் சம்பளத்தின் 80 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுவே கொடுப்பனவு. நீங்கள் குறிப்பிட்டவருக்கு 100 பவுணில் 80 சதவீதம், அதாவது வாரத்துக்கு 80 பவுண். அவருடைய வேலை நாட்கள் இரண்டு என்பதால் ஒரு நாளுக்கு 40 பவுண் வரும். சென்ற ஆண்டு இதே சனிக்கிழமைக்கு அவருக்கு ஒரு பென்ஸ்கூடக் கிடைத்திருக்காது. இந்தத் தொகையை அரசிடமிருந்து திரும்பப் பெற வழியில்லை. முழுவதும் உங்கள் செலவே. ஏழு நாட்கள் வரையான சுகவீனத்துக்கு மருத்துவரின் சான்றிதழைக் கேட்டு வற்புறுத்தவும் கூடாது.

மூன்றாவது கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பலருடைய வரவு செலவுத் திட்டம் தவறிப்போவது இங்கேதான். 2025 ஏப்ரல் 6 முதல் தொழில்வழங்குநர் செலுத்தும் நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. அது தொடங்கும் எல்லை ஆண்டுக்கு 9,100 பவுணிலிருந்து 5,000 பவுணாக இறங்கியது. அதற்கு ஈடாகவே சலுகைத் தொகை 5,000 பவுணிலிருந்து 10,500 பவுணாக உயர்த்தப்பட்டது. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 12.71 பவுண். வாரம் 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 26,437 பவுண் சம்பளம். அதற்கு நீங்கள் கட்ட வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் சுமார் 3,215 பவுண். ஆக, மூன்று முழுநேரப் பணியாளர்கள் வரை சலுகை தாங்கும்; நான்காமவரோடு அது தீர்ந்துவிடும். வாரம் 100 பவுண் பெறுபவருக்குக்கூட இப்போது ஆண்டுக்கு 30 பவுணளவில் கணக்கு விழுகிறது. முன்பு அவர்கள் எல்லைக்குள்ளேயே வரவில்லை. ஆனால் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, சம்பளம் 50,270 பவுண் வரை, தொழில்வழங்குநர் பங்கு கிடையாது. வார இறுதியில் வருபவர்கள் அந்த வயதுக்குக் குறைந்த மாணவர்களாக இருந்தால், பே-சிலிப்பில் அவர்களுடைய நேஷனல் இன்சூரன்ஸ் வகையைக் காட்டும் 'எம்' என்ற எழுத்து இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வழக்கமான வகைக்குரிய 'ஏ' என்று போட்டுத் தேவையில்லாமல் பணம் கட்டும் கடைகளை அடிக்கடி காண்கிறேன்.

இரண்டு கம்பனிகளும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அவை தொடர்புடைய கம்பனிகளாகவே கருதப்படும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சலுகைதான். புதிய கடைக்கான திட்டத்தை அந்த 10,500 பவுண் இல்லாமலே போட்டுப் பாருங்கள்.

கயல் எழுதியது:

பல ஆண்டுகள் உணவகங்களில் பரிமாறிவிட்டு இப்போது தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருக்கிறேன். வடகரை அண்ணா, நீங்கள் கொடுக்கப்போகும் அந்த 40 பவுணைச் செலவாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாந்தியோ வயிற்றுப்போக்கோ உள்ளவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை உணவைக் கையாளக் கூடாது என்பது உணவுத் தர முகமையின் அறிவுரை. ஆனால் சம்பளம் இல்லாமல் போகும் என்ற பயத்தில் நோயை மறைத்துக்கொண்டு இடியப்பம் பிழிந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டிலிருக்கச் சொல்லும் விதியும் வீட்டிலிருக்கப் பணமும் இப்போதுதான் ஒன்றாக வந்திருக்கின்றன.

சமையலாளர் விடயத்துக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்தே பணிநீக்கப் பாதுகாப்பு என்பது மசோதாவின் தொடக்க வடிவத்தில் இருந்தது. நாடாளுமன்றத்தில் நீண்ட இழுபறிக்குப் பின் அது கைவிடப்பட்டு, அந்தப் பாதுகாப்பைப் பெற ஒருவர் வேலை செய்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டு என்ற தகுதிக் காலம் ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. இது 2027 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வருகிறது. நியாயமற்ற பணிநீக்கத்துக்கான இழப்பீட்டின் உச்ச வரம்பும் நீக்கப்படுகிறது. எனவே உங்களிடம் பேசிய இருவர் சொன்னதும் சரியல்ல. கர்ப்பம், இனம், மதம், உடற்குறை போன்ற காரணங்களால் ஒருவரை நிறுத்துவதற்கு எதிரான பாதுகாப்புக்கு எந்தத் தகுதிக் காலமும் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை.

ஜூலை நடுவில் சேருபவருக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம் வைத்தால், அது முடியும் நாளும் அவருக்கு உரிமை வரும் நாளும் ஒன்றாகிவிடும். சட்டப்படியான ஒரு வார அறிவித்தலையும் சேர்த்தே சேவைக் காலம் கணக்கிடப்படுவதால், கடைசி வாரத்தில் எடுக்கும் முடிவு காலம் கடந்ததாகிவிடலாம். மூன்று மாதம் வையுங்கள். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம் என்பதையும் எழுத்தில் சேருங்கள். தகுதிகாண் காலத்தின் நிபந்தனைகள், வேலை தொடங்கும் நாளிலேயே கொடுக்க வேண்டிய எழுத்து விபரத்தில் இடம்பெற வேண்டும் என்பது 2020 ஏப்ரல் முதல் உள்ள விதி. அந்தத் தாளே இல்லாமல் ஆளைச் சேர்க்கும் நம்மவர் கடைகள் இன்னும் உண்டு என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்று: 2024 அக்டோபர் 26 முதல், பணியாளர்கள் மீதான பாலியல் தொந்தரவைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது உங்கள் கடமை. 2026 அக்டோபரில் அது இன்னும் கடுமையாகிறது. வாடிக்கையாளர் செய்யும் தொந்தரவுக்கும் நீங்களே பொறுப்பாளியாக நேரிடும். குடித்துவிட்டு வரும் மேசைக்கு ஓர் இளம் பெண்ணைத் தனியாக அனுப்பாதீர்கள். அவர் முறையிட்டால் திகதியோடு எழுதி வையுங்கள்.

வடகரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. 'எம்' எழுத்தை இன்றே பார்க்கிறேன். ஒரு சந்தேகம் மட்டும். இந்த ஆறு மாத விதி 2027க்குப் பிறகு சேருபவர்களுக்கு மட்டுமா? இப்போது இருக்கும் பழைய ஆட்களுக்கு அந்த இரண்டு ஆண்டுக் கணக்கே தொடருமா?

பேரேடு எழுதியது:

தொடராது. நீங்கள் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுவே. ஜனவரி 1 அன்று ஆறு மாதம் நிறைவு செய்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அன்றே உரிமை வந்துவிடும். ஆக, இரண்டு ஆண்டு நிறைவு செய்து ஏற்கெனவே பாதுகாப்புப் பெற்றவர்கள் போக, உங்கள் ஒன்பது பேரில் ஏனையோரும், வார இறுதியில் மட்டும் வருபவர்கள் உட்பட, ஒரே நாளில் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது இதில் பொருட்டல்ல.

அதன் பிறகு ஒருவரை நிறுத்தவே முடியாது என்பதல்ல. நடத்தை, திறன், ஆட்குறைப்பு போன்ற நியாயமான காரணமும் முறையான நடைமுறையும் வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவருடைய பதிலைக் கேட்டு, உடன் ஒருவரை அழைத்து வர அனுமதித்து, முடிவுக்கு எதிராக மேன்முறையீடு செய்யவும் இடம் கொடுக்க வேண்டும். தொழில் தகராறுகளில் ஆலோசனையும் சமரசமும் செய்யும் ஏகாஸ் (Acas) என்ற பொது அமைப்பின் நடைமுறைக் கோவையைக் காரணமின்றி மீறினால் தொழில் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம். மாதிரிக் கடிதங்களை ஏகாஸ் இணையத்தளத்திலேயே இலவசமாகப் பெறலாம். அவர்களுடைய உதவித் தொலைபேசிக்கும் ஆலோசனைக் கட்டணம் இல்லை.

உங்கள் கடை இங்கிலாந்தில் இருப்பதால் மேலே சொன்ன அனைத்தும் பொருந்தும்; ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் அப்படியே. வட அயர்லாந்தில் கடை வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அங்கே தொழிற்சட்டம் தனியானது என்பதால், பணிநீக்க விதிகளை அங்குள்ள தொழில் உறவுகள் முகமையிடம் கேட்டறியுங்கள்.