மறுமொழி: ‘பிரெலசி’க்குத் தமிழில் ஆயராட்சி போதுமா?

வணக்கம்.

> ‘ஆயராட்சி’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. எபிஸ்கோபசி, பிரெலசி இரண்டும் அகராதியில் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அகராதியில் சரி. ஆனால் நாம் தொகுப்பது 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து வரலாற்றுக்கான சொற்கள். அங்கே எபிஸ்கோபசி என்பது ஆயர்களை (பிஷப்புகளை)க் கொண்ட திருச்சபை அமைப்பு. ஆயர்களே கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டது. பிரெலசி என்பது எதிராளி வாயில் வந்த சொல், பாதி வசை. அரண்மனை, சொந்த நீதிமன்றம், ஆளைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம், பிரபுக்கள் சபையில் ஓர் ஆசனம் என்று ஆயர் பதவியோடு ஒட்டிக்கொண்ட அத்தனையும் அதில் அடக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், திருச்சபையை இன்னும் சீர்திருத்தக் கேட்ட பியூரிட்டன்கள் எதற்காக அத்தனை ஆத்திரப்பட்டார்கள் என்பது மாணவருக்குப் புரியாது.

ஆயர்களைக் கிண்டலடித்த நூல்களின் புனைபெயர் ஆசிரியரான மார்ட்டின் மார்பிரெலட்டையே எடுத்துக்கொள்வோம். 1586இல் வந்த ஸ்டார் சேம்பர் (அரசவை நீதிமன்றம்) ஆணைப்படி, ஒரு நூலை அச்சிடப் பேராயர் விட்கிஃப்டோ லண்டன் ஆயரோ ஒப்புதல் தர வேண்டும். அதாவது ஆயரைத் திட்டுவதற்கு ஆயரிடமே அனுமதி கேட்க வேண்டும்! 1588 அக்டோபரில் இந்தப் புனைபெயரில் முதல் நூல் ரகசியமாக வெளிவந்தது; ஒரு வருடத்துக்குள் ஏழு வெளியீடுகள். சாலிஸ்பரி பேராலயத்தின் டீன் (தலைமைக் குரு) ஜான் பிரிட்ஜஸ் ஆயர்களுக்கு ஆதரவாக எழுதிய 1,400 பக்கத் தலையணைப் புத்தகத்தை மார்ட்டின் படுத்திய பாடு தனிக்கதை. லண்டன் ஆயர் எய்ல்மர் ஞாயிற்றுக்கிழமை பந்து உருட்டி விளையாடுகிறார், ஃபுல்ஹமில் எல்ம் மரங்களை வெட்டிவிட்டார், திருடர்கள் போட்டுவிட்டுப் போன துணியை உரியவருக்குத் திருப்பித் தரவில்லை என்று ஊர்வம்பு பாணியில் குற்றச்சாட்டுகள். எல்லாம் உலக விவகாரம் என்பதைக் கவனியுங்கள். இதற்கு நடுவே ஒரு தர்க்கமும் நடக்கிறது: குட்டிப் போப்புகளுக்குக் கிறிஸ்தவ நாட்டில் இடமில்லை, ‘லார்ட் பிஷப்’ ஒவ்வொருவரும் குட்டிப் போப்பு, ஆகவே... ‘லார்ட்’ (பிரபு)தான் அங்கே உறுத்துகிற சொல். நம் சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

(மார்ட்டினின் ரகசிய அச்சகம் ஈஸ்ட் மோல்சியிலிருந்து வீடு வீடாக ஓடியது. கடைசியில் அச்சுப்பொறுப்பு ஏற்ற ஹாட்ஜ்கின்ஸ் வாரிங்டனில் வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது ஈய எழுத்துகள் கொஞ்சம் தரையில் கொட்டிவிட்டன. என்ன இது என்று கேட்டவர்களிடம் ‘துப்பாக்கி ரவை’ என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். அப்புறம் 1589 ஆகஸ்டில் மான்செஸ்டர் அருகே பிடிபட்டார்.)

இனி, இழையில் வந்த பரிந்துரைகள்.

‘கண்காணியாட்சி’: பழைய தமிழ் வேதாகமத்தில் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலேயே ‘கண்காணிகள்’ வருகிறார்கள். ஆனால் அது பியூரிட்டன் தரப்பின் ஆயுதம் ஆயிற்றே! வேதத்தில் இருப்பது மந்தையை மேற்பார்க்கும் கண்காணி, பிரபு அல்ல என்பதுதான் அவர்கள் வாதம். போதாததற்கு, தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வேறு நினைவுக்கு வருவார்.

‘ஆயர்கோன்மை’: கொடுங்கோன்மையை எதிரொலிக்கும் அழகான சொல். ஆனால் ஆயர்கோன் என்றதும் பாசுரம் படித்தவர்கள் ஆய்ப்பாடிக்குப் போய்விடுவார்கள். வேண்டாம்.

என் பரிந்துரை ‘ஆயர்ப்பிரபுத்துவம்’. நிலப்பிரபுத்துவம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் வார்ப்பு புதிதல்ல. பிரபுக்கள் சபையோடு உள்ள தொடர்பும் தானே விளங்கும். 1636இல் லண்டன் ஆயர் ஜக்ஸன் அரசின் தலைமைக் கருவூலப் பொறுப்பையே ஏற்றார். அடுத்த வருடம் பியூரிட்டன் எழுத்தாளர்கள் பிரின், பாஸ்ட்விக், பர்ட்டன் மூவரும் ஆயர்களைத் தாக்கி எழுதியதற்காகக் காதுகளை இழந்தார்கள். பிரினுக்குக் கூடுதலாகக் கன்னத்தில் சூடு. இதை ‘ஆயராட்சி’ என்று எழுதினால் சபை நிர்வாக விதி மாதிரி சாதுவாக ஒலிக்கிறது.

> இங்கிலாந்து நாடாளுமன்றமும் ஸ்காட்லாந்தும் செய்துகொண்ட 1643 உடன்படிக்கை பிரெலசிக்குத் தரும் விளக்கத்தில் ஆயர்கள் மட்டுமல்ல, சான்சலர்கள், டீன்கள், ஆர்ச்டீக்கன்கள் எல்லாரும் வருகிறார்களே?

நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பட்டியலே ‘இந்தப் படிநிலையைச் சார்ந்த ஏனைய அலுவலர்கள்’ என்றுதான் முடிகிறது. அதிகாரம் ஆயரிடமிருந்து இறங்குகிறது. ‘குருப்பிரபுத்துவம்’ என்று விரித்தால் அரைவயிற்றுச் சம்பளத்தில் இருந்த கிராமத்துக் குருவும் உள்ளே வந்துவிடுவார். அவர் மேல் யாருக்கும் இந்தக் கோபம் இல்லை.

ஆயர், பேராயர் குழப்பத்துக்கும் ஒரு முடிவு கட்ட வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்பே பேராயர். கத்தோலிக்கர்களுக்கு ஆயருக்கு மேலே பேராயர். இங்கிலாந்தில் இரண்டு படிகளும் உண்டு என்பதால் கத்தோலிக்க வழக்கைப் பின்பற்றுவதே நமக்குத் தோது.

மார்ட்டின் எழுதியது போன்ற ‘பேம்ஃப்லட்’டுக்குத் ‘துண்டுப் பிரசுரம்’ எனக்கு ஒப்பவில்லை. பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கும் ஒற்றைத்தாள்தான் கண்முன் வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சைவர்களும் கிறிஸ்தவர்களும் மாறி மாறி அச்சிட்டுத் தள்ளியவற்றுக்குக் ‘கண்டனம்’ என்ற பெயர் உண்டு. ‘கண்டனச் சிறுநூல்’ எனலாம். 1640 டிசம்பரில் லண்டன்காரர்கள் சுமார் 15,000 பேர் ஆயர் அமைப்பையே ஒழிக்கக் கேட்டுக் கையெழுத்திட்ட ‘ரூட் அண்ட் பிராஞ்ச்’ (வேரும் கிளையும்) மனுவுக்கு மெனக்கெடவே வேண்டாம்: ‘வேரடி மண்ணோடு’ கையிலேயே இருக்கிறது.

இடிக்கிறது ஒன்றுதான், சமயக் குற்றங்களை விசாரித்த ‘ஹை கமிஷன்’ நீதிமன்றம். ‘உயர் ஆணையம்’ என்றால் ஏதோ விசாரணைக் கமிஷன் போல இருக்கிறது, இலங்கை வாசகருக்கு உயர்ஸ்தானிகராலயம் ஞாபகம் வரும். ‘சமயக் குற்ற உயர்மன்றம்’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். நீளம்தான். சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.