டீசல் போட முள்ளோடைக்குப் போவது லாபமா? டிபிஎஃப் விளக்கு வேறு எரிகிறது

செம்மண்டலம் வாத்தியார் கேட்டது:

வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறேன். போன வைகாசியில் ஒரு டீசல் வண்டி வாங்கினேன், செகண்ட் ஹேண்ட்தான். 2020 கடைசியில் பதிவான பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்தது), 1.5 லிட்டர். வாங்கும்போது 46,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதல் ஓனர் வாரத்துக்கு இரண்டு முறை திருச்சி போய் வந்தவர். நான் அப்படி இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நாலு கிலோமீட்டர். சாயங்காலம் மகளை மஞ்சக்குப்பத்தில் டியூஷனுக்கு விட்டுவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை முதுநகரில் மீன். வண்டிக்கு வேலை அவ்வளவுதான்.

அப்புறம் எதற்கு டீசல் என்று நீங்கள் கேட்கும் முன்னால் வீட்டில் கேட்டாகிவிட்டது. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு, எல்லையில் இருக்கும் முள்ளோடை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, மைலேஜும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். வாத்தியார் கணக்கு, அதுவும் தமிழ் வாத்தியார் கணக்கு.

மூன்று வாரம் முன்னால் லாரன்ஸ் ரோட்டில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. குழாய் மாதிரி ஒரு படம், உள்ளே புள்ளிகள். அது டிபிஎஃப் விளக்காம், அதாவது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் டப்பாவுக்கான விளக்கு. மறுநாள் அணைந்தது, நாலாம் நாள் மறுபடி வந்தது. சாதாரணமாக 15, 16 கொடுக்கும் வண்டி இப்போது 11 கொடுக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை மேலே ஆயில் நிற்கிறது! நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவர், அந்த டப்பாவை உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏமாற்றிவிடலாம், 18,000 ஆகும் என்றார். இன்னொரு இடத்தில் டிபிஎஃப்பையே மாற்றணும் என்று லட்சத்துக்கு மேல் சொன்னார்கள். சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் என்ற யூரியாக் கரைசலை டீசல் டேங்கில் கொஞ்சம் கலந்து ஊற்றினால் சுத்தமாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் யோசனை சொன்னார். எதைக் கேட்பது?


பாகூர் டாக்ஸி எழுதியது:

சார், முதலில் பக்கத்து வீட்டுக்காரரை நிறுத்துங்கள். டிஇஎஃப்புக்குத் தனி டேங்க், நீல மூடி இருக்கும். அது உள்ள வண்டிக்கு மட்டும்தான் அது. மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், மீதி யூரியா. டீசல் டேங்கில் ஊற்றினால் பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் போய்விடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பக் கூடாது.

டிபிஎஃப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. என்னுடையது 2014 டிசையர், அந்தப் பழைய 1248 சிசி இன்ஜின். டிபிஎஃப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. 2,80,000 ஓடிவிட்டது. நான் உயிராகப் பார்ப்பது டீசல் ஃபில்டரைத்தான். 2024 கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின்னால் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, அதற்கு அடுத்த வாரம் ஒரு பங்க்கில் போட்டேன். பேர் வேண்டாம். தவளக்குப்பம் வருவதற்குள் வண்டி விக்கியது. ஓரம் கட்டி, ஃபில்டருக்கு அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, காலி பன்னீர் சோடா பாட்டிலில் பிடித்தேன். கால் மணி நேரம் அப்படியே வைத்தேன். மேலே டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், நடுவில் கோடு போட்டமாதிரி. அந்தப் பாட்டிலை பங்க்கிலேயே கொண்டுபோய் வைத்தேன். பேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை அந்தத் திருகைத் திறந்து பார்க்கிறேன். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருக்கும்போது போடுவதும் இல்லை. அடியில் இருப்பதெல்லாம் கலங்கி மேலே வரும்.


நெய்வேலி ஓய்வு எழுதியது:

தம்பி, சுரங்கத்தில் முப்பது வருஷம் டீசல் வண்டிகளோடு கிடந்தவன் சொல்கிறேன். உங்கள் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நீங்கள் ஓட்டவில்லை, அதுதான் வியாதி.

டிபிஎஃப் என்பது கரியைப் பிடித்து வைக்கும் சல்லடை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு டீசல் கார் என்றால் இது கூடவே வரும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்தால்தான் சல்லடை திறக்கும். அதற்குக் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டை உண்டாக்க இன்ஜின் தானாகவே கொஞ்சம் டீசலை நேரம் தள்ளிக் கூடுதலாகத் தெளிக்கும். இருபது நிமிஷம் விடாமல் ஓடினால் வேலை முடிந்துவிடும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அது ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் பள்ளிக்கூட வாசலில் அணைத்துவிடுகிறீர்கள். சாயங்காலம் மறுபடி ஆரம்பிக்கிறது, மறுபடி அணைக்கிறீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கிறது. குச்சியில் ஏறியது ஆயில் இல்லை, டீசல். மோந்து பாருங்கள், தெரியும். மைலேஜ் போன இடமும் அதுதான்.

செய்ய வேண்டியது: முதலில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயிலோடு நெடுஞ்சாலையில் விரட்டாதீர்கள், டர்போ போய்விடும். மேனுவலில் போட்டிருக்கும் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். டிராக்டருக்கு ஊற்றும் ஆயிலை மலிவு என்று ஊற்றினால் அந்தச் சாம்பல் சல்லடையிலேயே தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. அடுத்து, கால் டேங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகள் இந்த வேலையையே தொடங்காது. விடியற்காலையில் பூண்டியாங்குப்பம் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போங்கள். அறுபது எழுபது வேகம் போதும், கியரை ஒன்று குறைத்து ஆர்பிஎம் 2,000க்கு மேல் நிற்கட்டும். விளக்கு அணைந்தாலும் இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டுங்கள். அப்படியும் அணையவில்லை, அல்லது இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து இழுவை குறைந்துவிட்டது என்றால் ஓட்டிப் பிரயோஜனம் இல்லை. ஸ்கேனர் போட்டு நிற்கவைத்தே எரிக்கச் சொல்லுங்கள். புது டிபிஎஃப் கடைசிப் பேச்சு.

உடைத்து எடுக்கச் சொன்னவரிடம் இனி பஞ்சர்கூட ஒட்டாதீர்கள். சட்டத்துக்கும் விரோதம், பின்னால் வருகிறவன் மூச்சுக்கும் கேடு.


கணக்குப்புலி எழுதியது:

கேள்வியின் முதல் பாதிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. விலை வித்தியாசம் அந்தந்த அரசு போடும் வாட் வரியால் வருவது. 2021 தீபாவளி சமயம் மத்திய அரசு டீசலுக்கு 10 ரூபாய் குறைத்தபோது புதுச்சேரி தன் பங்குக்கு 7 ரூபாய் குறைத்தது, தமிழ்நாடு அப்போது குறைக்கவில்லை. லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் வித்தியாசம் என்று வையுங்கள். 35 லிட்டருக்கு 260 ரூபாய் மிச்சம். போய்வர இருபது கிலோமீட்டர் என்றால் நூறு ரூபாய் டீசல் அதிலேயே போகும். மீதி 160. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் ஒரு டேங்க்கூட ஆகாது. ஆல்பேட்டை நெரிசலில் நின்று வாங்கும் எரிச்சலுக்கு விலை போடவில்லை. பாண்டிக்கு வேறு வேலையாகப் போனால் போட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவே போகாதீர்கள்.


செம்மண்டலம் வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை ஆயில் மாற்றினேன். மெக்கானிக் வடித்தபோது தண்ணீர் மாதிரி ஓடியது, டீசல் வாடை குப்பென்று அடித்தது. நெய்வேலி ஐயா சொன்னது அப்படியே.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். மகளும் தொற்றிக்கொண்டாள். மூன்றாவது நாலாவது கியரிலேயே போனேன், வண்டி உறுமுவதைக் கேட்டு அவள் பயந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியதும் இஸ்திரிப் பெட்டி அதிகமாகச் சூடான மாதிரி ஒரு வாடை. இதுதானா என்று நினைத்துக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் வருவதற்குள், "அப்பா, அந்த மஞ்ச லைட்டைக் காணோம்" என்றாள். ஐந்து நிமிஷத்துக்குப் பதில் பத்து நிமிஷம் ஓட்டினேன். அப்புறம் டீக்கடையில் நிறுத்தி அணைத்த பிறகும் முன்னால் ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பத்து நாள் ஆகிறது, விளக்கு வரவில்லை. மைலேஜ் 14க்கு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இப்போது பழைய ஸ்கூட்டரில்தான் போகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வண்டியை ஓடவிடுவது என்று முடிவு. மீன் வாங்குவதும் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு மாறிவிட்டது. போன தடவை நண்டு வாங்கிவந்தேன். டீசலையும் சேர்த்தால் கிலோ என்ன விலை ஆகிறது என்று வீட்டில் பேப்பரை எடுத்துவிட்டார்கள்.