கிளிக் ஆகும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மந்தம் என் கையா, கேமராவா?

மணல்குழி அம்மா:

வணக்கம். என் மகள் நீளம் தாண்டுகிறாள். மூன்று போட்டிகளாகக் குழிக்குப் பக்கத்தில் நின்று அவளையும் கூட ஓடும் பிள்ளைகளையும் படம் எடுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 61 படம். நாற்பதுக்கு மேல் மணலில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பதினைந்தில் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் ஆளே இல்லை, நடுவரின் வெள்ளைக்கொடி மட்டும். காற்றில் மிதக்கிற படம் ஒன்றே ஒன்று, அதிலும் பிள்ளை இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறாள்.

ஷட்டர் 1/1000, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வைத்திருக்கிறேன். வெளிச்சம் சரி, கலங்கலும் இல்லை. லென்ஸ் கேமராவோடு வந்ததுதான். அவள் உச்சியில் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், அழுத்துகிறேன், படத்தில் இறங்கிவிட்டிருக்கிறாள். "உன் படத்தைப் பார்த்தா நான் தாண்டவே இல்ல, சும்மா மண்ணுல உக்காந்து எந்திரிக்கிறேன்னு நினைப்பாங்கம்மா" என்கிறாள் மகள். அடுத்த போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது.

வேகப்பிரியன்:

அக்கா, பர்ஸ்ட்ல போடுங்க, அழுத்திப் பிடிச்சா படம் தொடர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கும். ஓடி வரும்போதே அழுத்திப் பிடிச்சிட்டு, விழுந்ததும் விடுங்க. நல்லதை வச்சிக்கிட்டு மீதியை அழிச்சிடுங்க. இதுக்குப் போய் பதினெட்டு நாள் எதுக்கு?

பழைய ரோல்:

பர்ஸ்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கே தப்புகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

அம்மா, கணக்கை மட்டும் பாருங்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளை, தாண்டக் கால் ஊன்றும் பலகையை விட்டு மணலைத் தொடும்வரை காற்றில் இருப்பது அரை நொடிக்குக் கொஞ்சம் மேல். உச்சி அதில் நடுவில்கூட இல்லை, சற்று முன்னாலேயே வந்துவிடும். கிளம்பும்போது நிமிர்ந்த உடம்பு, விழும்போது உட்கார்ந்த உடம்பு, அதனால் இறங்கும் தூரம் ஏறும் தூரத்தைவிட அதிகம். ஆக, பலகையை விட்டுக் கால் நொடியில் உச்சி. அதைக் கண் பார்த்து விரல் அசைய எப்பேர்ப்பட்ட கைக்கும் 0.2 நொடி வேண்டும். பிறகு கேமரா தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். ஃபோகஸ் தயாராக இருந்தால் 0.05, 0.1 என்று போகும். அழுத்திய பிறகுதான் ஃபோகஸ் தேடுகிறது என்றால் அரை நொடியையும் தின்னும். கூட்டிப் பாருங்கள், மணல்தான் வரும். நாற்பது படம் உட்கார்ந்த நிலையில் இருப்பது உங்கள் கை மந்தம் என்பதால் இல்லை. உச்சியைப் பார்த்து அழுத்துகிற யாருக்கும் அதுதான் கிடைக்கும்.

கண்ணாடி மடங்கும் பழைய வகைக் கேமராவில் இதை ஒரு நாளில் கற்றுக்கொள்வோம். ஷட்டர் திறக்கும் கணத்தில், கண் வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். அதனால் நல்ல கணத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டால் அது படத்தில் இல்லை என்று அர்த்தம். "அடடா, பார்த்தேனே!" என்று எவன் துள்ளுகிறானோ அவன் தவறவிட்டவன்.

உங்கள் மொத்தத் தாமதம் எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிடுங்கள். 5.00 வருவதைப் பார்த்ததும் கேமராவை அழுத்துங்கள். படத்தில் என்ன எண் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இப்படிப் பத்து முறை. அப்புறம், பார்த்த பின் அழுத்தாமல், மூன்று, நான்கு என்று மனசுக்குள் தாளம் போட்டு ஐந்தில் விரல் விழுவதுபோல் பத்து முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் பாடம், நான் எழுதுவதெல்லாம் அதற்கு உரை.

நான் விளையாட்டுப் படம் எடுக்க வந்த காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் லீவரைத் தள்ள வேண்டும். ஆறு தாண்டலுக்குள் ஒரு ரோலை முடித்துவிட்டு, ஏழாவதுக்கு மண்டியிட்டுப் படச்சுருள் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைதான் ஜெயித்தாள். எனக்கு மூத்தவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "முதல் சுற்றுக்குக் கேமராவைத் தொடாதே. காலைப் பார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முகத்தை இல்லை, காலை.

பார்த்தால் தெரியும். பெரும்பாலோருக்குக் கடைசிக்கு முந்தின அடி நீளமாக விழும், அதில் இடுப்பு சற்றுத் தாழும். அடுத்த அடி குட்டை, அதுதான் பலகை. காதால் கேட்டால் தட், தட், தட் என்று சீராக வந்துகொண்டிருந்தது தா...ட், தட் என்று உடையும். அந்த இழுப்பைக் கேட்டதும் விரல் தயாராகட்டும், பலகைச் சத்தத்தில் அழுத்துங்கள். உங்கள் தாமதமும் அவள் ஏறுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒலிக்கு விரல் அசைவது ஒளிக்கு அசைவதைவிடச் சற்று வேகம் என்பதும் உங்கள் பக்கம். ரொம்பத் தள்ளி நிற்காதீர்கள். பத்து மீட்டரைக் கடக்க ஒலிக்கு 0.03 நொடி ஆகும், காதால் வந்த லாபம் வழியிலேயே செலவாகிவிடும்.

அந்த வெட்டுப்பட்ட ஒரு படத்தைப் பற்றி. அதுதான் 61 படத்திலும் எனக்குப் பிடித்தது, பார்க்காமலே சொல்கிறேன். அதில் நேரம் சரி, இடம் தப்பு. கேமராவை மணலின் நடுவுக்குக் குறிவைத்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். நொடிக்கு ஆறு மீட்டர் வேகத்தில் வருபவள் கால் நொடியில் போவது ஒன்றரை மீட்டர். பலகையிலிருந்து அந்த ஒன்றரை மீட்டரில்தான் உச்சி, பல மைதானங்களில் அந்த இடத்தில் கீழே மணலே தொடங்கியிருக்காது. அங்கே குறிவையுங்கள். பக்கவாட்டில் நின்றால் தூரம் மாறாது, ஓடுபாதையின் நடுக்கோட்டில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து பூட்டிவிடலாம். கேமராவுக்குத் தேடும் வேலையே இருக்காது.

ஷட்டர் 1/1000 போதும். அந்த நேரத்தில் அவள் ஆறு மில்லிமீட்டர்தான் நகர்வாள்.

மணல்குழி அம்மா:

ஐயா, ஸ்டாப்வாட்ச் சோதனை செய்தேன். பார்த்து அழுத்தியதில் 5.34, 5.41, 5.38 என்று போய், ஒன்று 5.90. அந்த ஒன்றில் கேமரா ஃபோகஸ் தேடியது எனக்கே கேட்டது. தாளம் போட்டு அழுத்தியபோது 5.08, 5.13, 4.97, 5.10. அந்த 4.97ஐப் பார்த்துச் சிரித்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் முறையாக நான் சீக்கிரம் வந்திருக்கிறேன்.

மகளும் செய்து பார்த்தாள். பார்த்து அழுத்தினால் என்னைவிட வேகம். தாளத்தில் இருவரும் சமம்.

வேகப்பிரியன்:

ஐயா சொல்றது அழகாத்தான் இருக்கு. ஆனா 1878லயே விரலை நம்பக் கூடாதுன்னு முடிவு பண்ணியாச்சே. ஓடுற குதிரைக்கு நாலு காலும் ஒரே நேரத்துல தரையை விட்டு எழும்புதான்னு பார்க்க போட்டோகிராபர் மய்பிரிட்ஜ் என்ன பண்ணார்? வரிசையா 12 கேமரா வச்சு, பாதையில நூல் கட்டி, குதிரையே அறுத்துக்கிட்டுப் போக விட்டார். அதுவும் பர்ஸ்ட்தானே? அந்த 12ல எது நல்ல படம்னு அவர் முன்னாடியே தெரிஞ்சா வச்சிருந்தார்?

பழைய ரோல்:

நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன், அது பர்ஸ்ட்தான். ஆனால் அவருக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது, நமக்கு ஒரு படம் வேண்டும். நொடிக்குப் பத்துப் படம் என்றால் இரண்டு படத்துக்கு இடையில் அந்தப் பெண் அறுபது சென்டிமீட்டர் போய்விடுவாள். 1/1000 வீதம் பத்துப் படம் எடுத்தால் ஒரு நொடியில் ஷட்டர் திறந்திருப்பது நூறில் ஒரு பங்குதான். மற்ற 99 பங்கில் உச்சி வந்து போனால் உங்கள் பர்ஸ்டுக்குத் தெரியாது. எட்டுப் பேர், ஆறு சுற்று, தாண்டலுக்கு இருபது படம், யார் உட்கார்ந்து பார்ப்பது? நான் பார்த்திருக்கிறேன், கண் பூத்துவிடும்.

பௌர்ணமிக்கு முதல்நாள்:

குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். அரை நொடிக்கு நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள், மலைமேல் நிலா எழுவதைப் படம் எடுக்கும் எனக்கு ஒரு மாதத்துக்கு ஒரு மாலைதான். நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. பௌர்ணமி அன்று அது எழும்போது நிலம் இருட்டத் தொடங்கியிருக்கும், நிலா வெளுத்த வட்டமாகவும் மலை கறுப்பாகவும் விழும். முதல்நாள் போனால் சூரியன் மறைவதற்கு முன்பே நிலா மேலே இருக்கும், இரண்டிலும் விவரம் கிடைக்கும். போன மாதம் மேகம். அதற்கு முந்தைய மாதம் பேட்டரி. சரி, நீங்கள் தொடருங்கள்.

மணல்குழி அம்மா:

போட்டி முடிந்தது. முதல் சுற்றில் கேமராவைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கால்களை மட்டும் பார்த்தேன், பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் "பேட்டரி தீர்ந்திருச்சாங்க?" என்று கேட்டார். அந்த இழுப்பு உண்மையிலேயே கேட்கிறது. என் மகளுக்கு அது கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட தடுமாறுவதுபோல.

இரண்டாம் சுற்றில் இரண்டு பிள்ளைகளைச் சீக்கிரமாக எடுத்துவிட்டேன், கால் இன்னும் பலகையிலேயே இருந்தது. மூன்றாம் சுற்றில் அவள் வந்தாள். தாளம் வந்தது, அழுத்தினேன். ஒரே கிளிக், பர்ஸ்ட் இல்லை. கைகள் இரண்டும் மேலே, முழங்கால் முன்னால், தலைமுடி மட்டும் பின்தங்கிக் காற்றில் நிற்கிறது. ஃப்ரேமுக்கு நடுவில், முழுசாக. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், அந்த அப்பா பயந்துவிட்டார்.

தலை நிமிர்ந்து பார்த்தால் சிவப்புக்கொடி.

அவள் வாழ்நாளில் தாண்டியதிலேயே அதுதான் தூரம் என்று அவளும் பயிற்சியாளரும் சாதிக்கிறார்கள். கால் பலகையைத் தாண்டவில்லை, ஃபவுல் இல்லை என்றும் சாதிக்கிறார்கள். படத்தைக் காட்டினேன். "கால் பலகைல இருக்கிற படம் எங்கம்மா? அதுக்கு முந்தினது?" என்று கேட்டாள்.

ஒன்றுதானே எடுத்தேன்.

வேகப்பிரியன்:

ஐயா, ஆன்லைன்ல இருக்கீங்களா?

பழைய ரோல்:

இருக்கிறேன். படத்தைப் போடச் சொல்லுங்கள் முதலில்.