மறு: கலைச்சொல்: கிண்டர்கார்டன் சுவரில் படத்தோடு ஒட்டும் கற்றல் இலக்குகள்

அனைவருக்கும் வணக்கம்.

> “காட்சிவழிக் கற்றல் நோக்கக் காட்சிப்பலகை” என்று வைக்கலாமா?

பொருள் முழுதும் வந்துவிடுகிறது, ஐயா. ஆனால் ‘காட்சி’ இரண்டு முறை வருகிறது. வகுப்பில் இருக்கும் ஆசிரியர் இதை ஒரு மூச்சில் சொல்ல மாட்டார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2010-இல் வந்த காமன் கோர் என்ற பொதுப் பாடத்தரத்தில், கிண்டர்கார்டன் குழந்தை 100 வரை எண்ண வேண்டும். பொருள்களை எண்ணும்போது, வரிசையாக இருந்தால் 20 வரை, சிதறிக் கிடந்தால் 10 வரை போதும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த வாசகம் படிக்க வராது. அதனால் ஆசிரியர்கள் இதை “ஐ கேன்” என்று தொடங்கும் சிறு வாக்கியமாக்கி, பக்கத்தில் படம் போட்டு அட்டையாக்கி, சுவரில் உள்ள பலகையில் மாட்டுகிறார்கள். வரிசையாகப் பொத்தான்கள், கீழே ஓர் எண், அவ்வளவுதான். பாடம் மாறும்போது அட்டையும் மாறும். பலகை அங்கேயே இருக்கும். ஆக, நமக்கு வேண்டியது ஒரு சொல் அல்ல, இரண்டு.

அட்டைக்கு ‘இலக்குப் பட அட்டை’ என்பேன். பட அட்டை ஏற்கெனவே அங்கன்வாடி வரை புழங்கும் சொல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலிலும் அட்டை என்றுதான் சொன்னார்கள். அதிலிருந்த சின்னத்தைப் பார்த்தே குழந்தைகள் தங்கள் அட்டையைத் தேடி எடுத்தார்கள். ‘பட’ இல்லாமல் வெறும் ‘இலக்கு அட்டை’ போதாதா என்றால், சேர்த்து எழுதும்போது அது ‘இலக்கட்டை’ ஆகி, கட்டை என்று காதில் விழும்.

பலகைக்கு ‘கற்றல் இலக்குப் பலகை’. ‘கற்றல்’ கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் துப்பாக்கி சுடும் இடம் நினைவுக்கு வரும். ‘கற்றல் விளைவு’ நம் பாடநூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

இனி, “ஐ கேன்”. இதை ‘என்னால் முடியும்’ என்று எழுதுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கற்று வந்த திறமையைத் தமிழில் ‘தெரியும்’ என்றே சொல்கிறோம். நீந்தத் தெரிந்தவருக்கும் கை முறிந்தால் நீந்த முடியாது. பலகை பேசுவது கற்றதைப் பற்றி. எனவே ‘எனக்கு 20 வரை எண்ணத் தெரியும்’ என்பதே சரி. எல்லா இடத்திலும் இது பொருந்தாது. ‘டீச்சர் உதவியோடு கதையைப் பற்றிக் கேள்வி கேட்பேன்’ போன்றவற்றுக்கு வினைமுற்றே போதும், ‘நான்’ கூட வேண்டாம்.

> இன்னும் தெரியாத குழந்தை ‘தெரியும்’ என்று சொன்னால் பொய்யாகாதா?

நல்ல கேள்வி, அம்மா. அட்டையின் ஒரு பக்கம் ‘எண்ணக் கற்கிறேன்’, மறுபக்கம் ‘எண்ணத் தெரியும்’ என்று அச்சிடலாம். படம் இரண்டிலும் ஒன்றே. கற்றதும் குழந்தையே திருப்பி வைக்கட்டும்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். ‘பலகை’க்குப் பதில் ‘சார்ட்’ போதும் என்பவர்களின் கருத்தும் வேண்டும், வகுப்பில் அதுதான் புழங்குகிறது.